கைக்குள் அடங்கும் தொலைநோக்கி

டில்லியில் வளர்ந்த எனக்குப் பன்னிரண்டு வயதில் இரு கண்களிலும் நடுப்பார்வை மங்கத் தொடங்கியது. கரும்பலகை தெரியவில்லை, வகுப்பில் "கவனமில்லாத பையன்" என்று பெயர் வாங்கினேன். விழித்திரைக் கோளாறு என்று கண்டுபிடித்த டாக்டர், "இனிமே செய்ய ஒண்ணுமில்லை" என்றார். சிகிச்சை இல்லை என்பது சரிதான். செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் தவறு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் பார்வை 6/60. மற்றவர்கள் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை நான் 6 மீட்டருக்கு நெருங்கினால்தான் படிக்க முடியும். சிகிச்சைக்குப் பிறகும், கண்ணாடி அணிந்தும், நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் குறைந்திருந்தால் அதைக் குறைபார்வை என்கிறார்கள். இத்தகையோர் தூரத்துப் பொருளைப் பார்க்க உதவுவதே கைத் தொலைநோக்கி.

இதில் இரண்டு வகை. 1609-இல் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பியதைப் போல, முன்னால் குவிவில்லையும் கண்ணருகே குழிவில்லையும் கொண்டது ஒன்று. நீளம் குறைவு, எடையும் குறைவு. ஆனால் உருப்பெருக்கமும் குறைவுதான். இரண்டுமே குவிவில்லையாக இருக்கலாம் என்று 1611-இல் கெப்ளர் விளக்கினார். அதில் உருவம் தலைகீழாகத் தெரியும். உள்ளே பட்டகம் வைத்து நிமிர்த்துகிறார்கள். நான் வைத்திருப்பது இந்த வகை, விரல் நீளம்தான்.

அதன்மேல் 4×12 என்று எழுதியிருக்கும். 4 என்பது உருப்பெருக்கம். 12 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 6 மீட்டர் தள்ளியிருக்கும் கரும்பலகை ஒன்றரை மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் ஒரே சமயத்தில் தெரிவது சுமார் 12 பாகைதான். அந்தத் தூரத்தில் ஒன்றேகால் மீட்டர் அகலம். "பெரிய பவரா வாங்கிடலாமே" என்று கேட்கத் தோன்றும். பவர் கூடினால் தெரியும் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்.

வாங்கினால் மட்டும் போதாது, பழக வேண்டும். முதலில் வெறுங்கண்ணால் பொருள் இருக்கும் திசையைப் பிடியுங்கள். பிறகு நல்ல கண்ணோடு ஒட்டி வைத்து, விரலைப் புருவத்தில் ஊன்றி, முழங்கையை உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். குழலைத் திருகித் தெளிவாக்கிய பின், இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். பஸ் வருமுன்னே, அது வரும் தூரத்திலுள்ள ஒரு மரத்தைப் பார்த்துத் திருகி வைத்துக்கொள்வது என் வழக்கம். கண்ணில் வைத்தபடி நடக்கவே கூடாது, தூரம் ஏமாற்றிவிடும். சூரியனைப் பார்க்கவும் கூடாது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கிளாக்கோமா முற்றிப் பக்கப்பார்வை மிகச் சுருங்கியவர்களுக்கு, பெரிதான உருவம் அந்தச் சிறு பரப்பில் அடங்காமல் போகலாம். குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில் சோதித்து, கையில் வைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். இப்போது மொபைல் கேமராவிலும் பெரிதாக்கிப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் ஓடி வரும் பஸ்ஸுக்குக் குழல்தான் சட்டென்று உதவுகிறது. சார்ஜும் வேண்டாம்.

என் அம்மாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "தெருவுல எடுக்காதேடா, நாலு பேர் பார்ப்பா" என்பாள். நானும் பல மாதம் பைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொருவரிடமும் "பாய் சாப், கௌன்சா நம்பர் ஹை?" என்று கேட்டுக் கேட்டு அலுத்த ஒருநாள்தான் வெளியே எடுத்தேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்!

பின்னர் ஒரு கோடையில் ஊருக்குக் கிளம்பினோம். புதுடில்லி ஸ்டேஷன் கூட்டத்தில் அம்மாவே, "தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரம்னு உன் குழல்ல பாருடா" என்றாள். பார்த்துச் சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை டி.வி.க்கு மிக அருகில் போய் உட்கார்ந்தால், அதட்டுமுன் கண்ணைச் சோதியுங்கள். டாக்டர் குழலைக் கையில் கொடுத்தால், தயவுசெய்து அதை ஒளிக்கச் சொல்லாதீர்கள்.