சோப்புக் கட்டியும் நாலு வாரப் பொறுமையும்

"அக்கா, உங்க சோப்புல கெமிக்கல் எதுவும் இல்லைதானே?"

கட்டியைக் கையில் எடுத்து மோந்து பார்க்கிற பெண்களில் பாதிப் பேர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். "இல்லவே இல்லைம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே வியாபாரம் முடிந்துவிடும். நான் சொல்வதில்லை. எண்ணெயோடு காரம் சேராமல் சோப்பு என்ற பொருளே உண்டாகாது. அந்தக் காரத்தின் பெயர் காஸ்டிக் சோடா. அளவு சரியாக இருந்தால் அது எண்ணெயோடு கலந்து, முழுக்க மாறிப்போய், சோப்பும் கிளிசரினும் ஆகிவிடுகிறது. கட்டியில் காஸ்டிக் மிச்சம் இருக்காது. இவ்வளவையும் நின்று கேட்கப் பொறுமை இல்லாமல் போகிறவர்கள் உண்டு. கேட்டு வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வருகிறார்கள். என் பிழைப்பு இந்த இரண்டாவது ரகத்தை நம்பி நடக்கிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வீட்டின் பின்கட்டில் உள்ள ஓர் அறைதான் என் தொழிற்சாலை. எனக்கு உதவிக்கு இரண்டு பெண்கள். வேப்பிலை, வெட்டிவேர், பச்சைப்பயறு, வாசனையே சேர்க்காத வெள்ளைக் கட்டி, இப்படி நாலே ரகம். வெட்டிவேர் கடலூர்ப் பக்கத்து மணல் கிராமங்களிலிருந்து வருகிறது. நல்லெண்ணெயைச் செக்கில் வாங்குகிறேன்.

இந்த ஊருக்கும் சோப்புக்கும் பழைய உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு தேசத்தில் மார்செய் என்ற துறைமுக நகரம் சோப்புக்குப் பேர் போனது. ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பில் அங்கே சோப்புக் காய்ச்சக்கூடாது என்று பதினான்காம் லூயி மன்னர் 1688-ல் உத்தரவே போட்டார். பிற்காலத்தில் மற்ற எண்ணெய்களும் உள்ளே வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் நம்ம தென்னாற்காட்டு மல்லாட்டை பாண்டிச்சேரியில் கப்பலேறி மார்செய் ஆலைகளுக்குப் போயிற்று. இங்கே விளைந்த எண்ணெய் வித்து அங்கே போய்ச் சோப்பாகி, சீமைச் சரக்கு என்ற மதிப்போடு திரும்பி வந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை!

வீட்டிலிருந்து சோப்புத் தொழில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் சென்னையில் 1969-ல் ஆரம்பமானது. ரயில்வேயில் டாக்டராக இருந்த வி.பி.சித்தன், தோல் தொந்தரவோடு வந்த தொழிலாளர்களுக்காகக் குடும்பத்தில் வழிவழியாக வந்த மூலிகை எண்ணெயைச் சோப்பாக்கினார். அவரும் மனைவி சௌபாக்கியமும் வீட்டிலேயே காய்ச்சி, வெட்டி, காகிதம் சுற்றிய அந்தப் பச்சைக் கட்டிதான் மெடிமிக்ஸ். இன்னொன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லில் 1976-ல் தொடங்கிய மரோமா ஊதுவத்தி, வாசனைப் பொருள், சோப்பு என்று கடல் கடந்து விற்கிறது. நான் அவ்வளவு தூரம் போக ஆசைப்படவில்லை. மாதம் முந்நூறு கட்டி, கடன் இல்லாமல். அது போதும்.

சரி, செய்முறைக்கு வருவோம். தேங்காயெண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. இந்த ஒரு கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 153 கிராம், தண்ணீர் 330 கிராம். தேங்காயெண்ணெய் கட்டிக்குக் கெட்டியும் நுரையும் தரும். நல்லெண்ணெய் மிருதுவுக்கு. விளக்கெண்ணெய் நுரையைச் சீக்கிரம் அடங்கவிடாமல் பிடித்து வைக்கும். ஒவ்வோர் எண்ணெயும் குடிக்கிற காஸ்டிக்கின் அளவு வேறு வேறு. அதனால் ஒரு எண்ணெய்க்குப் பதில் இன்னொன்றை ஊற்றிவிட்டு அதே 153 கிராமைப் போடக்கூடாது. ஆழாக்கு, டம்ளர், கைப்பிடி எல்லாம் சமையலோடு சரி. இங்கே ஒரு கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் இறங்கவே வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஆறு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி விட்டிருக்கிறேன். தோல் காய்ந்து போகாமல் இருப்பதற்காக.

கைக்குழந்தை உள்ள வீட்டுப் பெண்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் தூவ வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியத்தை அது அரித்துவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். கரைத்த நீர் பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். பயம் அதில்தான். அதைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ சொம்பிலோ ஊற்றி வைக்கவே கூடாது. நான் காய்ச்சும் நாளில் அந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். குழந்தை வாயில் பட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு முறை சுடும். உடனே ஆஸ்பத்திரிதான்.

கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இரண்டையும் சேர்த்துக் கடைய, தோசை மாவுப் பதத்துக்கு வரும். மரப்பெட்டியில் பட்டர் பேப்பர் விரித்து ஊற்றி, மறுநாள் வெட்டினால் பன்னிரண்டு கட்டி கிடைக்கும். பிறகு நாலு வாரம் நிழலில் காய வேண்டும். வெட்டும்போது 115 கிராம் இருந்தது காய்ந்தபின் நூறு கிராம் சொச்சமாகிவிடும். உறையில் போடும் எடை காய்ந்த எடைதான். பச்சைக் கட்டியின் எடையைப் போட்டுவிட்டால், கடையிலேயே வாடிக்கையாளரை ஏமாற்றியதாகிவிடும்.

நாலு வாரம் என்று சொல்வது சுலபம். கடற்கரை ஊரில் அது லேசில்லை. கைச்சோப்பில் கிளிசரின் அப்படியே தங்கியிருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டிகள் வேர்த்து முத்துமுத்தாய் நிற்கும். அதைப் பார்த்து, "எண்ணெய் கக்குது, கெட்டுப் போச்சு" என்று திருப்பித் தருவார்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கரண்ட் இல்லை, தெருவெல்லாம் வெள்ளம். கட்டிகளை அடுக்கியிருந்த மூங்கில் தட்டுகள் தோள் உயரத்தில் இருந்ததால் தண்ணீர் தொடவில்லை. இருந்தாலும் மூன்று வாரம் காய்ந்த சரக்கு மறுபடி முதல் வாரத்துச் சரக்கு மாதிரி ஆயிற்று. பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டரைத் தை கடைசிக்குத் தள்ளினேன். இப்போதெல்லாம் மழைக்காலச் சரக்கை ஆவணியிலேயே காய்ச்சி முடித்துவிடுகிறேன்.

இனி, நான் செய்யாதவற்றைப் பற்றி. இந்தத் தொழிலில் செய்வதைவிட மறுப்பதுதான் அதிகம்.

"வீட்டுல கத்தாழை இவ்வளவு வளர்ந்திருக்கே, ஜெல் போட்டு விக்கலாமே?" என்பார்கள். விற்பதில்லை. கட்டிச் சோப்பில் கிருமி பெருகுவது கடினம். தண்ணீர் சேர்ந்த கிரீம், ஜெல் எல்லாம் பதப்படுத்தும் மருந்து இல்லாமல் சில நாளிலேயே பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. கத்தாழையை அன்றன்றைக்கு வெட்டிப் பூசிக்கொள்ளுங்கள், அதற்கு என் டப்பா எதற்கு? எலுமிச்சைச் சாறு கலந்த முகப்பூச்சும் கிடையாது. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிலருக்குக் கொப்புளம் கண்டு, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

பச்சைக் குழந்தைக்குச் சோப்பு கேட்டு வரும் பாட்டிமார்களிடம்தான் எனக்குப் போராட்டம். நல்ல தோலின் தன்மை லேசான அமிலம். எந்த நிஜச் சோப்பும் காரம்தான், என்னுடையதும் சேர்த்து. பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். "வேப்பெண்ணெய் சோப்பு விக்கிறியே, அந்த எண்ணெயில ரெண்டு சொட்டு கொடேன், பேரனுக்குச் சளிக்கு உள்ளுக்குக் கொடுக்கலாம்" என்று ஒரு ஆயா கேட்டார்கள். தரவில்லை. மலேசியாவில் இப்படி வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வாந்தியும் மயக்கமும் கண்டு, மூளையும் ஈரலும் பாதித்ததை டாக்டர் சின்னையாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981-ல் லான்செட் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். வேம்பு நம் வாசல் மரம்தான். ஆனாலும் குழந்தையின் ஈரலுக்கு அந்த உறவெல்லாம் தெரியாது.

அடுத்தது வெளுப்பு. "சிவப்பழகு" என்று ஒரு வார்த்தையை உறையில் அச்சடித்தால் விற்பனை இரட்டிப்பாகும் என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொன்னார். 2023-ல் கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, அவர்களில் பலர் தோல் வெளுக்கும் கிரீம்களைப் பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. குற்றவாளி அதிலிருந்த பாதரசம். பூசின சில நாளில் பளிச்சென்று முகம் மாறினால் சந்தோஷப்படாதீர்கள். டப்பாவைத் திருப்பி, தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்தப் பார்லரில் வாங்கியிருந்தாலும் குப்பைக்கூடைதான்.

லைசென்ஸ் என்றதும் பெண்கள் தயங்குகிறார்கள். சோப்பு நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள். விற்பதற்காகச் செய்தால், 2020-ம் வருடத்து அழகுசாதன விதிகளின்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். சமையலறையில் வைத்துக் காய்ச்சி விற்க முடியாது, தனி இடம் வேண்டும். மேற்பார்வைக்குத் தகுதியுள்ள ஆள் வேண்டும். வேதியியலை ஒரு பாடமாக எடுத்து இன்டர்மீடியட் தேறியவரே போதும் என்பது பலருக்குத் தெரியாத சலுகை. என் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி இருபது வருஷம் கழித்து எனக்குச் சோறு போடுகிறது! "ஆயுர்வேதம்" என்று உறையில் போட வேண்டுமானால் அது வேறு லைசென்ஸ். வெண்புள்ளி குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருடச் சட்டப்படியே குற்றம். சிறுதொழில் பதிவான உத்யம் முழுக்க இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள்.

வரியில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. சரக்கு விற்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் இருக்கும் வரம்பு தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். நம்மைப் போன்ற சின்ன வியாபாரம் அதைத் தொடாது. ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் வரம்பே கிடையாது, பதிவு கட்டாயம். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம் கோட்டக்குப்பத்துக்கு. ஆனால் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. அங்கே ஒரு கடைக்கு நான் பத்துக் கட்டி அனுப்பினாலும் கணக்கில் அது வெளி மாநிலம்! அதனால் முதலிலேயே பதிவு செய்துகொண்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது பெரிய ஆறுதல். அதே வருடம் தேங்காயெண்ணெய் விலை ஏறின ஏற்றத்தில் அந்த ஆறுதலில் பாதி கரைந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

விற்பனைக்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஒரு பழகின கடையில் வைக்கிறேன். வெள்ளைக்காரத் தெருப் பக்கம் இரண்டு கடைகள். சுற்றுலா வருகிறவர்கள் வெட்டிவேர் வாசனைக்கு மயங்கி நாலைந்தாக வாங்குவார்கள், மறுபடி வர மாட்டார்கள். கடைக்காரர் கமிஷன் போக நமக்கு வருவது கொஞ்சம்தான், அதுவும் மாதக் கடைசியில். அதனால் இந்தத் தொழிலில் கால் வைக்க நினைப்பவர்கள், கடைக்குக் கொடுக்கும் விலையில் எண்ணெய், காகிதம், கரண்ட், உதவியாள் கூலி, உங்கள் கூலி எல்லாம் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். நம் கூலியைக் கணக்கில் எழுதாமல் விடுவது பெண்களுக்கே உரிய வழக்கம். முதல் மூன்று மாதம் ஒரு கிலோ, ஒரு கிலோவாக வீட்டுக்கு மட்டும் செய்து, அந்தக் கட்டி ஈரத்தில் எப்படி நிற்கிறது, எத்தனை நாள் வருகிறது, யாருக்குத் தோல் காய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லைசென்ஸுக்கு மனுப் போடுவது அந்த நோட்டு நிரம்பியபின் இருக்கட்டும்.