இரண்டு குளிசை எதற்கு?

"பிரஷருக்குக் குளிசை எடுக்கிறன்தானே மனே, பிறகு எதுக்குக் கொலஸ்ட்ரோலுக்கும் ஒண்டு?"

நாவற்குடாவில் வீடுவீடாகச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1990இலும் 2007இலும் படுவான்கரை வயல்களை விட்டு வாவியைக் கடந்து வந்த குடும்பங்கள் பல, உடுத்த உடையோடுதான் வந்தன. நெல்லும் மாடும் மட்டுமல்ல, கிளினிக் கொப்பியும் அங்கேயே கிடந்துவிட்டது. "தலையிடி இல்லையே, மருந்து எதற்கு?" என்று அத்தோடு நிறுத்தியவர்களும் உளர். ஆகவே இக்கேள்விக்குச் சற்று விளக்கமாக விடை கூற விரும்புகிறோம்.

வயல் செய்தவர்களுக்கு வாய்க்காலைத் தெரியும். குளத்துத் துருசை அளவுக்கு மிஞ்சித் திறந்தால் வாய்க்காலின் கரை அரிக்கும். நீரில் சேறும் மிகுந்திருந்தால் அது படிந்து படிந்து வாய்க்கால் ஒடுங்கும். கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது.

நமது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் வாய்க்கால்களே முடியுரு நாடிகள். இரத்த அழுத்தம் மிகும்போது அவற்றின் உட்சுவர் பழுதடைகிறது. பழுதடைந்த இடத்தில் கொலஸ்ட்ரோல் புகுந்து படிகிறது. அப்படிவு ஒருநாள் வெடித்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து நாடியை அடைக்கும். மாரடைப்பு பெரும்பாலும் இவ்வாறே உண்டாகிறது.

அம்லோடிபின், நிபெடிபின் ஆகிய மருந்துகள் நாடியின் தசையைத் தளர்த்தி விரியச் செய்கின்றன. எனலாபிரில், லொசாட்டன் ஆகியவை நாடியைச் சுருக்கும் இரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. அற்றெனலோல் துடிப்பைத் தணித்து இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. இவை துருசைத் தாழ்த்துவது போன்ற வேலை. படிந்த சேற்றை இவை அள்ளுமா?

2009இல் வெளியான என்கோர் என்னும் ஆய்வு இதைச் சோதித்தது. முடியுரு நாடி நோயாளருக்கு நிபெடிபின் கொடுத்து, நாடிக்குள்ளேயே நுண்கருவி செலுத்திப் பார்த்தனர். உட்சுவர் முன்னிலும் நன்றாக இயங்கியது. படிவின் அளவோ குறையவில்லை. அழுத்த மருந்து நாடிக்கு நன்மை செய்கிறது, ஆனால் கொலஸ்ட்ரோலின் வேலையை அது தடுப்பதில்லை.

அந்த வேலைக்குத்தான் அற்றோவஸ்ரற்றின் போன்ற இரண்டாவது குளிசை. ஈரல் கொலஸ்ட்ரோல் உண்டாக்குவதை அது குறைக்கிறது. பிரஷர் மருந்து எடுத்த 10,000க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2003இல் வெளியான அஸ்கொட் ஆய்வில், இதையும் சேர்த்து எடுத்தவர்களிடம் மாரடைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டிலும் ஓர் ஆய்வு நடந்து 2018இல் வெளியானது. 700 பிரஷர் நோயாளிகளுள் ஒரு பகுதியினர் மூன்று மருந்துகளைச் சிறு அளவில் சேர்த்த ஒரே குளிசையை எடுத்தனர். ஆறு மாதத்தில் அவர்களில் 100க்கு 70 பேரின் அழுத்தம் கட்டுப்பட்டது. வழமையான சிகிச்சையில் 55 பேருக்கே கட்டுப்பட்டது. ஆகவே குளிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து இருந்தால் அஞ்ச வேண்டாம்.

சில விடயங்களை மறக்கலாகாது. அம்லோடிபினால் கால் வீங்கலாம். எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம். அப்போது வைத்தியரிடம் சொல்லி மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அற்றெனலோலைத் திடீரென நிறுத்துவது நெஞ்சுவலியையும் மாரடைப்பையுமே வரவழைக்கலாம். கருவுற்ற தாய்மார் தாம் எடுக்கும் மருந்தை உடனே வைத்தியருக்குக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிப் போடவும் கூடாது.

கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று புதிதாகப் பதியுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இனியொரு முறை எழும்ப நேர்ந்தாலும் அத்துண்டு உங்களோடு வரட்டும்.