டேப் கறுத்தால் போதுமா?

ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்று ஒரு கருவி. அறுவை நடக்கும்போது ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிப்பது. இரண்டு கைப்பிடி, நுனியில் பல் வரிசை, நடுவில் ஒரு மூட்டு. ஒரு தண்டின் நடுவே இன்னொரு தண்டு நுழைந்து போகும் அந்த மூட்டை நாங்கள் பாக்ஸ் லாக் என்போம். கருவியை மூடியபடியே கழுவினால் வெளிப்பக்கம் பளபளக்கும். திறந்து, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தால், மூட்டின் இடுக்கில் துரு நிறத்தில் மெல்லிய கோடு தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் துரு என்றே சொல்வார்கள். பெரும்பாலும் அது காய்ந்த ரத்தம்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் சி.எஸ்.எஸ்.டி.யில் வேலை பார்க்கிறேன். தியேட்டர், பிரசவ அறை, வார்டு என்று எங்கே பயன்படுத்திய கருவியானாலும் எங்களிடம்தான் வரும். கழுவி, காயவைத்து, சோதித்து, பேக் செய்து, கிருமி நீக்கி, திருப்பி அனுப்புவோம். நோயாளி எங்களைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர் வயிற்றுக்குள் போகும் ஒவ்வொரு கருவியும் எங்கள் கையைத் தாண்டித்தான் போகிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் பிளஸ் டூ முடித்தவர்கள், ஐ.டி.ஐ. படித்தவர்கள், அதே ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்து மாற்றப்பட்டவர்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு வேலையில் விட்டுவிடும் இடங்கள் நிறைய. கிருமி என்றால் என்ன, அது எப்படிச் சாகிறது, எப்போது சாகாமல் தப்பிக்கிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. இது எனக்குப் பொறுக்காத விஷயம். காரணம் தெரியாதவரின் கை, அவசரம் வந்ததும் முதலில் விடுவது கழுவுவதைத்தான்.

போன வருடம் சேர்ந்த ஒரு தம்பி நேராகவே கேட்டான்: “ஏங்க்கா, ஆட்டோகிளேவ்ல 134 டிகிரி வெக்கறோம். அந்தச் சூட்டுல எது பொழைக்கும்? அப்பறம் எதுக்குங்க்கா இந்தத் தேய் தேய்க்கணும்?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் எங்கள் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி.

எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி சாவதில்லை. சாதாரண பாக்டீரியாக்கள் கொதிக்கும் தண்ணீரிலேயே போய்விடும். ஆனால் சில பாக்டீரியாக்கள் நெருக்கடி வந்தால் தடித்த உறை போட்டுக்கொண்டு ஸ்போர் என்ற உறக்க நிலைக்குப் போகும். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமி இந்த வகை. முன்பெல்லாம் டாக்டர் அறையில் ஒரு தகரப் பெட்டியில் கண்ணாடி ஊசிகள் கொதித்துக்கொண்டிருக்கும், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொதிநீர் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் 100 டிகிரி தண்ணீரை நம்பி ஸ்போர் செத்தது என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் அழுத்தத்தில் அடைத்த நீராவி வேண்டும். பாஸ்டரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் சாம்பர்லாண்ட் 1879-இல் செய்த ஆட்டோகிளேவ்தான் இன்றைய எங்கள் இயந்திரங்களுக்கெல்லாம் மூலம்.

இன்னொன்று, கிருமிகள் ஒரே நொடியில் மொத்தமாகச் சாவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு சாகும். மிச்சம் உள்ளதில் மறுபடி பத்தில் ஒன்பது. 10 லட்சம் இருந்தது 1 லட்சமாகும், பிறகு 10,000, பிறகு 1,000. ஆகவே எத்தனை கிருமியோடு கருவி உள்ளே போனது என்பது முக்கியம். நன்றாகக் கழுவிய கருவியில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கொடுத்த நேரம் தாராளமாகப் போதும். ரத்தமும் சதையும் ஒட்டிய கருவியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், போதாததற்கு அந்த ரத்தமே அவற்றுக்கு மூடாப்பு. ஆவி பட்டால்தான் கிருமி சாகும். காய்ந்த ரத்தத்துக்கு அடியில் ஆவி படாது. அழுக்கான கருவியை ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தால் அது சூடான அழுக்குக் கருவி, அவ்வளவுதான்.

கழுவுவதிலும் அறிவு வேண்டும். ரத்தம் புரதம், எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் ஊற்றினால் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் என்சைம் கரைசல் கலந்து, அந்தக் கம்பெனி சொன்ன அளவுக்கு, சொன்ன நேரத்துக்கு ஊறவைக்க வேண்டும். தியேட்டரில் சலைன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதில் கருவியைப் போட்டுவைப்பார்கள். அந்த உப்பு துருப்பிடிக்காத எஃகையும் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி போட்டுவிடும். பிளீச்சும் அப்படித்தான். குழி விழுந்த கருவியை அப்புறம் எத்தனை தேய்த்தாலும் சுத்தமாகாது.

தேய்ப்பது தண்ணீருக்கு உள்ளேதான். வெளியே வைத்துத் தேய்த்தால் பிரஷ் நுனியில் இருந்து தெறிக்கும் துளிகள் நம் முகத்துக்கு வரும். உறிஞ்சு குழாய் போன்ற துளையுள்ள கருவிகளில் பிரஷ் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வர வேண்டும். பிறகு அல்ட்ராசோனிக் தொட்டி, அலசல், காயவைத்தல், பூதக்கண்ணாடி. ஃபோர்செப்ஸைக் கைப்பிடியில் உள்ள ராட்செட் என்ற பூட்டின் முதல் பல்லில் மாட்டி மேசை ஓரத்தில் மெதுவாகத் தட்டிப் பார்ப்போம். தானாகத் திறந்துகொண்டால் ரிப்பேருக்கு. ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும்போது அது திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஏமாந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நிறையப் பாடம் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர் நன்றாக வீட்டுக்குப் போவார். துளை போட்ட இடம் ஆறிவிடும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் சின்னக் கட்டி, பிறகு நிற்காத கசிவு. வழக்கமான ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காது. காரணம் பார்த்தால் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரியா. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். சிலருக்கு மறுபடி அறுத்து எடுக்க வேண்டும். இந்திய மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட பதிவுகள் பல உண்டு. திரும்பத் திரும்ப விரல் நீட்டப்படுவது ஒரே பழக்கத்தின் மேல்: லேப்ராஸ்கோப்பி கருவிகளைப் பாகம் பாகமாகக் கழற்றாமல், ஒரு கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவே குளுட்டரால்டிஹைடு கரைசலில் 20 நிமிடம் முக்கி எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசிக் கொடுப்பது. அந்தக் கரைசலில் ஸ்போர் சாக 10 மணி நேரம் ஆகும். அதோடு, கிருமியைக் கொன்றபின் குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்தத் தண்ணீரில் இருப்பது திரும்ப ஏறிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் ஆட்டோகிளேவ்தான் என்று நான் சொல்லவில்லை. எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் வகுத்த பாகுபாட்டை இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். தோலை மட்டும் தொடும் பி.பி. பட்டையைத் துடைத்தால் போதும். வாய் வழியாக வயிற்றுக்குள் போகும் எண்டோஸ்கோப்புக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம். தோலைக் கிழித்து உள்ளே போவது எதுவானாலும் முழுக் கிருமிநீக்கம். சூடு தாங்காத கருவி என்றால் ஈ.டி.ஓ. வாயு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா. கருவி எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தியேட்டருக்கு எவ்வளவு அவசரம் என்பதைப் பார்த்து அல்ல.

ஆட்டோகிளேவுக்கு வருவோம். உலர்ந்த சூட்டில் கிருமி நீக்க 160 டிகிரியில் 2 மணி நேரம் ஆகும். நீராவிக்கு 121 டிகிரியில் 15 நிமிடமே போதும். துணி சுற்றிய பேக்குக்கு இயந்திரத்தைப் பொறுத்துக் கூடுதல் நேரம். ஆவி கருவியைத் தொட்டதும் தண்ணீராகக் குளிர்ந்து, தன்னிடம் உள்ள வெப்பத்தை மொத்தமாக அங்கே கொட்டிவிடுகிறது. அந்த ஈரச்சூட்டில் கிருமியின் புரதம் குலைகிறது. இதற்குப் பெரிய எதிரி காற்று. குக்கரில் ஆவி நன்றாக வந்தபிறகு வெயிட் போடுகிறோமே, அதே காரணம்தான் இங்கும். காற்று ஆவியைவிடக் கனமானது, அடியில் தங்கும். தங்கிய இடத்துக்கு ஆவி போகாது. அழுத்தமானி என்னவோ சரியான அளவையே காட்டிக்கொண்டிருக்கும்.

1972-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டெவன்போர்ட் மருத்துவமனையில் நடந்ததை எல்லாப் புது ஆட்களுக்கும் சொல்வேன். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றப்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்துக் கவலைக்கிடமானார்கள். ஐந்து பேரின் சாவுக்கு அந்தப் பாட்டில்கள் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தத் தொகுதி முந்தைய வருடம் தொழிற்சாலையில் ஆட்டோகிளேவ் செய்யப்பட்டது. உள்ளே காற்று தங்கிப்போய், கீழ்த்தட்டில் இருந்த பாட்டில்களுக்குப் போதிய சூடு ஏறவே இல்லை. வெப்பநிலையைப் பதியும் கருவி அதைக் காட்டியிருக்கிறது. கருவிதான் பழுது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஒத்துப்போகாத ஓர் அளவைப் பார்த்ததும் நிறுத்திக் கேட்கும் தைரியம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வேண்டும். தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் அந்தத் தைரியம் வரும்.

வெற்றிட பம்ப் உள்ள இயந்திரம் என்றால் தினமும் காலையில் முதல் வேலை போவி-டிக் டெஸ்ட். காலி அறையில் ஒரே ஒரு சோதனைப் பேக். 134 டிகிரியில் மூன்றரை நிமிடம். உள்ளே இருக்கும் தாள் ஓரத்தில் இருந்து நடுவரை ஒரே சீராக நிறம் மாறியிருக்க வேண்டும். நடுவில் வெளுத்த திட்டு இருந்தால் காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அந்த இயந்திரம் ஓடாது.

பேக்கின் மேல் ஒட்டும் டேப்பைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். வார்டு சிஸ்டர்கள்கூட, “டேப் கறுத்திருக்கு, ஸ்டெரைல்தான்” என்பார்கள். பேக் சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் டேப் சொல்லும். ஆவி உள்ளே நுழைந்ததா என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பேக்கின் நடுவே வைக்கும் இண்டிகேட்டர் வேண்டும். கிருமி செத்ததா என்று கேட்க வேண்டுமானால் கிருமியைத்தான் கேட்க வேண்டும். ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்று நீராவிக்கு எளிதில் மசியாத ஒரு பாக்டீரியாவின் ஸ்போர்கள் அடைத்த சிறு குப்பியை லோடோடு உள்ளே வைத்து, பிறகு சுமார் 56 டிகிரியில் இன்குபேட்டரில் வைப்போம். நாங்கள் வாங்கும் குப்பியில் ஊதா நிறம் அப்படியே இருந்தால் ஸ்போர் செத்தது. மஞ்சளானால் உயிரோடு இருக்கிறது. ஆட்டோகிளேவுக்குள் போகாத இன்னொரு குப்பியும் பக்கத்தில் இருக்கும். அது கட்டாயம் மஞ்சளாக வேண்டும். ஆகாவிட்டால் அந்தப் பெட்டிக் குப்பிகளையே நம்ப முடியாது.

இத்தனையும் சரியாக இருந்து, வெளியே வந்த பேக் ஈரமாக இருந்தால்? திரும்பக் கழுவும் அறைக்கே போக வேண்டும். ஈரத் துணி வழியாக வெளிக்கிருமி உள்ளே இறங்கும். சூடான பேக்கைக் குளிர்ந்த மேசையில் வைத்தாலே அடியில் நீர் கோக்கும்.

எங்கள் ஆட்களின் உயிரும் இதில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசி போடாத 100 பேருக்கு அந்த ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 6 முதல் 30 பேருக்குத் தொற்று வரலாம், எச்.ஐ.வி.யில் அது 1,000-க்கு 3 பேர். டிரேயின் அடியில் மறந்துபோன பிளேடு கிடப்பது எங்களுக்குப் புதிதல்ல. அதனால் தடித்த ரப்பர் கையுறை, முகத்தடுப்பு, ஏப்ரன். 0, 1, 6 மாதங்களில் மூன்று தடுப்பூசி. எதிர்ப்புச்சக்தி வந்ததா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. குத்திவிட்டால் பிதுக்கக்கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே போய்ச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லி இவர்களுக்குத் தடுப்பூசி போடாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியாது.

மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. ஒரு நாளைக்கு எட்டு லேப்ராஸ்கோப்பி போடுகிறீர்கள், செட் இரண்டுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், மதியம் தியேட்டரில் இருந்து, “அக்கா, செட் ரெடியா?” என்று போன் வந்துகொண்டே இருக்கும். கழற்றி, ஊறவைத்து, தேய்த்து, அலசி, காயவைத்து, பேக் போட்டு, ஆவியில் வைத்து, ஆறவைத்து எடுக்க மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. புது ஆட்டோகிளேவ் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் இன்னும் இரண்டு செட் வாங்குங்கள். கழுவும் அறைக்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடி விளக்கும்.