தமிழ்நாட்டில் 'புத்தப் பள்ளி' எங்கே? ஒரு கர்னல் திறந்த வகுப்பறையின் கதை

திருவண்ணாமலையில் ஆட்டோவில் ஏறி 'டேனிஷ் மிஷன் ஸ்கூல்' என்றால் போதும், டிரைவர் வழி கேட்க மாட்டார். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியும் அப்படித்தான். கிறிஸ்தவர்கள் தொடங்கிய பள்ளி, முஸ்லிம்கள் தொடங்கிய கல்லூரி எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள். பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் சட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடைபெறும் காட்சியும் பழகியதுதான். ஆனால் ஒரு 'புத்தப் பள்ளி'யின் ஃபேர்வெல்லை யாராவது பார்த்திருக்கீங்களா?

பக்கத்தில் இலங்கையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1996 உலகக் கோப்பையை வென்ற கேப்டன் அர்ஜுன ரணதுங்க படித்த கொழும்பு ஆனந்தா கல்லூரி, புத்தப் பள்ளியாகத் தொடங்கியதுதான். 1886-ல் 37 மாணவர்களோடு ஆரம்பித்தது. இன்று அந்நாட்டின் பெரிய பள்ளிகளில் அதுவும் ஒன்று. அதன் பின்னால் இருந்தவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கர்னல். 1880-ல் காலி நகரில் பௌத்தம் தழுவியவர்.

அதே ஆல்காட்தான் சென்னையிலும் பள்ளி திறந்தார். தியாசபிகல் சொசைட்டியின் தலைமையகம் 1882 முதல் அடையாறில். சுற்றிலும் இருந்த சேரிகளின் பிள்ளைகளுக்கு அன்று பெரும்பாலான பள்ளிகளின் கதவு மூடியே இருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது 1892-ல். இரண்டே ஆண்டு கழித்து, 1894-ல், ஆல்காட்டின் இலவசப் பள்ளி வந்தது. அன்றைய பெயர் 'பஞ்சமர் இலவசப் பள்ளி'. பிறகு இதேபோல இன்னும் சில பள்ளிகள். ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர்.

ஒரே மனிதர், இரண்டு ஊர். விளைவு மட்டும் ஏன் இவ்வளவு வேறு?

இலங்கையில் பௌத்தர்களே பெரும்பான்மை. பள்ளிக்குப் பணமும் நிலமும் தர வசதியானவர்கள் இருந்தார்கள். அடையாறில் வந்து உட்கார்ந்த பிள்ளை, நிலமில்லாத கூலியின் பிள்ளை. அது வகுப்புக்கு வந்தால் வீட்டில் ஒரு நாள் கூலி குறையும். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆல்காட் இந்தப் பிள்ளைகளுக்கு நினைத்தது தொடக்கக் கல்வி மட்டுமே. எழுத்து, வாசிப்பு, கணக்கு, கொஞ்சம் கைத்தொழில். கடன்காரன் ஏமாற்றாத அளவுக்கு. கொழும்பில் கல்லூரி, அடையாறில் ஆரம்பப் பள்ளி. நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசும் ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொண்டுதான் வேலை செய்தது.

பௌத்தம் என்ற பெயரைத் துணிந்து எடுத்தவர் அயோத்திதாசர். சித்த மருத்துவர். 1898-ல் ஆல்காட்டோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். "நாம் புதிதாக மதம் மாறவில்லை, பழைய வீட்டுக்குத் திரும்புகிறோம்" என்பது அவர் வாதத்தின் சாரம். கோலார் தங்கவயல், பெங்களூரு, ரங்கூன் என்று தமிழ்த் தொழிலாளர்கள் போன இடமெல்லாம் சங்கமும் போனது. 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. காலணா கூலிக்காரரும் வாங்கிப் படிக்கட்டும் என்று வைத்த விலை மாதிரி இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் பௌத்தர் எண்ணிக்கை பெருகவில்லை. 2011 கணக்கெடுப்பில் சுமார் 11 ஆயிரம் பேர்தான். மாநில மக்கள்தொகையோ 7 கோடிக்கு மேல்.

அடையாறு பள்ளி என்ன ஆச்சு? இருக்கிறது. பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி. தியாசபிகல் சொசைட்டிதான் நடத்துகிறது. பக்கத்து மீனவக் குப்பத்துக்கே ஊரூர் ஆல்காட் குப்பம் என்றுதான் பெயர். கலை விழாவால் பலருக்கும் தெரிந்த இடம். இதை மதப்பள்ளி என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் தொடக்கக் கல்வியோடு நிற்கட்டும் என்று திட்டமிட்ட இடத்தில் இன்று பிளஸ் டூ முடிக்கிறார்கள். அங்கே ஒரு ஃபேர்வெல் என்றால் அதற்குக் கூடுதலாகவே ஒரு கைத்தட்டல் தரலாம்.

சரி, திருவண்ணாமலையில் பிளஸ் டூ முடிக்கிற, பௌத்தம் தழுவிய ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? சான்றிதழுக்கு.

1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, ஒருசில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்கள் முழுமையாகச் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 14-ல் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். ஆனால் பௌத்தர்களை அந்த ஆணையில் சேர்க்க 1990 வரை ஆனது. இடைப்பட்ட 34 ஆண்டுகள், 'மதம்: பௌத்தம்' என்று எழுதிய மாணவர் மத்திய அரசின் எஸ்.சி. இடஒதுக்கீட்டை இழக்க நேர்ந்தது. வீட்டில் புத்தர் படம், டிசியில் 'இந்து' என்று எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்ததன் காரணம் இதுதான்.

இப்போது சட்டப்படி அந்தச் சிக்கல் இல்லை. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்கு எஸ்.சி. தகுதி தொடரும். தாசில்தாரிடம்தான் சான்றிதழ், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 1993 அறிவிக்கையின்படி பௌத்தர்கள் சிறுபான்மையினரும்கூட. கவுன்டரில் யாராவது "மதம் மாறினா எஸ்.சி. போயிடும்பா" என்று சொன்னால், அது 1990-க்கு முந்தைய கதை.