மரமும் காற்றின் ஈரமும்

பாடும் மீனுக்குப் பேர்போன மட்டக்களப்பு வாவிநாடு இசையாராய்ச்சிக்கும் பேர்பெற்றது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இயற்றிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. மறைந்த யாழின் இலக்கணத்தை மீட்டுத் தந்த அப்பெரியாரின் மண்ணில் நரம்புக் கருவிகள் நம்மவர் கையாலேயே செய்யப்படுதல் வேண்டுமென்பது எமது அவா. அதற்குக் கைத்திறன் மட்டும் போதாது; கண்ணுக்குப் புலனாகாத காற்றின் ஈரத்தையும் அறிந்து நடத்தல் வேண்டும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மரக்குற்றம் இசைக்குற்றமாதலை முன்னோர் அறிந்திருந்தனர். சீவகசிந்தாமணியிலே, காந்தருவதத்தையின் இசையரங்கில், நீரில் நின்று இளகிய மரத்தாற் செய்தது என ஒரு கருவியைச் சீவகன் விலக்குகின்றான். ஆயின், நன்மரமும் பட்டறையிற் கெடுதல் உண்டு.

வெட்டுண்ட மரம் காற்றோடு கொடுக்கல் வாங்கலை ஒழிப்பதில்லை. ஒரு வெப்பநிலையிற் காற்றுக் கொள்ளக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதில் உளதோ, அதுவே சாரீரப்பதன். அது 80 ஆயின் மரம் தன் உலர்நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு நீருடன் அமைதியுறும். 50 ஆயின் 9 பங்குடன் அமையும். நீர் ஏற மரம் பருக்கும், இறங்கச் சுருங்கும். நாரின் நீளப்போக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்கே பெரிது. ஓரடி அகலப் பலகை, மரவகைக்கும் அறுத்த முறைக்கும் ஏற்ப, இவ்விரு நிலைகட்கிடையே 2 முதல் 5 மில்லிமீற்றர் வரை சுருங்கக்கூடும்.

தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்வோம். பலாமரத்திற் குடத்தைக் குடைந்து, மேற்பலகையால் மூடுவர். மார்கழி மழையில் ஈரமேறிய பலகையை ஒட்டினால், கச்சான் காற்று வீசும் ஆடியில் அது சுருங்க முயலும். விளிம்பு இறுகப் பிணிப்புண்டமையால் இடமின்றிப் பிளக்கும். உலர்ந்தபோது ஒட்டிய பலகையோ மழைக்காலத்திற் சிறிது மேல்வளையும், பெரும்பாலும் பிளவாது. ஆகவே, ஈரத்தில் மூடாதே என்பதே முதல் விதி.

இதனால் மழைக்காலத்திற் பட்டறையை அடைத்துவிட வேண்டுவதில்லை. குடத்தைத் தடிப்பாகக் குடைந்து வைக்கலாம். நார்முனைகள் விரைந்து உலர்ந்து வெடிக்குமாதலின் அவற்றிற்கு மெழுகு பூசுக. இறுதி இழைப்பையும் ஒட்டுதலையும் உலர்பருவத்திற்கு ஒதுக்குக.

அதுவரை காத்திருக்க இயலாதவர் உலர்பெட்டி ஒன்று அமைக்கலாம். ஈரம் புதிதாகச் சேராமற் காற்றைச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் குறையும். 30 பாகையில் 80 ஆக இருந்த காற்று 35 பாகையில் ஏறக்குறைய 60 ஆகும். பெரிய அலுமாரியின் அடியில், மரத்துக்கு எட்டாதவாறு, வெப்பந்தரும் சிறு மின்குமிழ் ஒன்று போதும். ஈரம் வெளியேற மேலே துளை வேண்டும். அப்பலகையிலேயே அறுத்த துண்டொன்றை உள்ளே வைத்து நாடோறும் நிறுத்துப் பார்க்க. நிறை பல நாள் மாறாது நிற்பின் மரம் அமைதியுற்றது என அறியலாம். 50க்கும் 60க்கும் இடைப்பட்ட அளவை நாம் விதந்துரைப்போம். மிகையான உலர்த்தலும் தீதே.

ஈரமானி பொய் சொல்லுதலும் உண்டு. சிறு கிண்ணத்திற் கறியுப்பை இட்டுக் குழைசேறாக நனைத்து, ஈரமானியுடன் காற்றுப்புகாத போத்தலில் ஓரிரவு மூடிவைக்க. காட்டி 75இல் நிற்றல் வேண்டும்; நில்லாவிடின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

ஈரமானி, தராசு, மின்குமிழ், ஒருபிடி உப்பு: செலவு சிறிது, வேண்டுவது பொறுமையே. கல்லடியிலே சுவாமியின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இசைபயில்வோரை உருவாக்குகின்றது. அவர் கைகளுக்குக் கருவி தரும் தச்சரும் இவ்வாவிக்கரையிலேயே தோன்றுவாராக. எம் பழைய மாணவருள் விஞ்ஞானம் கற்றோரும் உளியெடுத்தோரும் ஒருங்கு கூடின் அது கைகூடும்.