ஓடாத காரின் ஓட்டம்

தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே இருக்கும் சுள்ளிக்கல்லின் உப்புக்காற்றும் பருவமழையும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. 2014ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடரை வீட்டு முற்றத்தில் வைத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பிரிக்கிறார்கள். ஆனால் சோதிப்பது பிரேக்.

நெடுநாள் நின்ற காரில் ரப்பர் கெட்டு பிரேக் ஆயில் கசிந்திருக்கும். மிதித்தால் பெடல் தரையைத் தொடும். இழுத்தே விட்ட ஹேண்ட்பிரேக், ஈரத்தில் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் தள்ளும்போது அது திடீரென்று விடுபட்டால், ஒரு டன்னுக்கு மேலான பாரம் வாசல் சரிவில் உருளும். மதிலைத் திரும்பக் கட்டிவிடலாம். குறுகிய சந்தில் மாட்டிக்கொண்டவரின் காலை?

எனவே நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பதே நல்லது. நகர்த்தும்போது சரிவின் கீழே யாரும் நிற்கக்கூடாது. ஓடவைப்பது அப்புறம். முதலில் நிற்கவைக்க வேண்டும்.