எத்தனை இலை? மலைப்பாதை எப்படி இயங்குகிறது?

போளூர்ப் பக்கம் கல்யாணச் சமையலுக்கு மாஸ்டரைப் பேசப் போனால் அவர் முதலில் மெனுவைக் கேட்பதில்லை. "எத்தனை இலை?" என்பார். ஆயிரம் என்று சொன்னால், "ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம்?" என்பார். அதற்குப் பிறகு கேள்வி இருக்காது. எழுந்து மண்டபத்துப் பின்கட்டுக்குப் போவார். கழுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எச்சில் இலையை எங்கே கொட்டுவது, அடுப்பு மூட்டும் இடத்துக்கு மேலே துணிப்பந்தல் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். சாம்பாரா வத்தக்குழம்பா என்ற பேச்சு அதற்கப்புறம்தான்.

காட்டுக்குள் பொதுமக்கள் நடக்கும் பாதைகளையும் இரவு தங்கும் கூடார இடங்களையும் பராமரிக்கிற வேலை இந்த மாஸ்டரின் வேலைதான். அமெரிக்க வனத்துறையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 1,58,000 மைல் நீளப் பாதைகள் அவர்கள் பொறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அருவியையும் பறவையையும் காட்டுகிற சொகுசான உத்தியோகம் போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் மண்வெட்டியும் குப்பைச்சாக்கும் நுழைவுச்சீட்டுக் கணக்கும்தான். நம் ஊரில் இதற்கென்று தனிப் பதவி இல்லை. வேலை மட்டும் இருக்கிறது, பல கைகளில் சிதறி.

போளூருக்கு மேற்கே ஜவ்வாதுமலை. பஸ் ஏறினால் ஜமுனாமரத்தூர், அங்கே பீமன் அருவி, கோலப்பன் ஏரி. தென்மேற்கே பர்வதமலை, சுமார் 4,500 அடி உயரம், உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில். தென்மாதிமங்கலம் பக்கமிருந்து ஒரு பாதை ஏறுகிறது, கடலாடிப் பக்கமிருந்து இன்னொன்று. பௌர்ணமிதோறும் கூட்டம் ஏறும், மார்கழி முதல் நாள் மலையைச் சுற்றிக் கிரிவலம் நடக்கும். சுற்றுலா என்று நாம் சொல்ல மாட்டோம், நேர்த்திக்கடன் என்போம். பாதைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பக்தருடைய செருப்பில்லாத காலும் டிரெக்கிங் ஷூ போட்ட காலும் மண்ணை அழுத்தத்தான் செய்யும்.

முதலில் பந்திக் கணக்கு. ஆயிரம் பேருக்குச் சோறு இருந்தாலும் கூடத்தில் நூறு பேர்தான் உட்கார முடியும் என்றால், அந்தக் கல்யாணத்தின் அளவை அண்டா தீர்மானிப்பதில்லை, கூடம் தீர்மானிக்கிறது. ஒரு பந்தி எழுந்து இலை எடுத்துத் துடைக்க ஆகும் நேரமும் சேர்த்தி. பர்வதமலையில் அந்தக் கூடம் கடப்பாறைப் படி. பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கும் செங்குத்தான பகுதி அது. அடிவாரத்திலிருந்து வரும் படிக்கட்டில் நாலு பேர் சேர்ந்து நடக்கலாம். இங்கே ஒருவர் பின் ஒருவர்தான். ஒரு கணக்குக்காக, ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 120 பேர். கீழே கேட்டில் மணிக்கு 500 பேரை விட்டால் மீதி 380 பேர் பாறை இடுக்கில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் தீர்ந்து, குழந்தை அழுது, பொறுமை போய், யாராவது ஒருவர் பக்கத்துப் பாறையில் கால் வைப்பார். விபத்துக்கு விதை அங்கேதான் விழுகிறது.

ஆகவே இந்த வேலையில் இருப்பவர் நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு நிறுத்திக்கொள்ள மாட்டார். எந்த மணியில், எந்த இடுக்கில் எத்தனை பேர் என்று கேட்பார். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே இடுக்கில் முட்டிக்கொள்ளாமல் நேரம் பிரிப்பார். மத்தியானத்துக்குப் பிறகு ஏற்றத்தை நிறுத்துவார், இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டுமே. 1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். இத்தனை பேர் என்று ஓர் எண்ணைத் தேடி மாய்வதை விட, எவ்வளவு மாற்றம் வரை பொறுத்துக்கொள்வோம் என்று முதலில் முடிவு செய்து, அந்தக் கோட்டைப் பாதை தாண்டுகிறதா என்று அளந்துகொண்டே இருப்பது மேல் என்றார்கள். மாஸ்டருக்கு இது புதிதல்ல. மூன்றாம் பந்தியில் ரசம் ஆறிப்போய்ப் பரிமாறப்படுகிறது என்றால் கூட்டம் எல்லை மீறிவிட்டது என்று அவருக்குத் தெரியும், தலை எண்ண வேண்டியதில்லை.

அடுத்தது கழுநீர். நான் இந்த வேலையின் உயிர்நாடி என்று நினைப்பது இதைத்தான், ஆனால் யாரும் புகைப்படம் எடுக்காத பகுதியும் இதுதான். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் பின்கட்டுத் தரையில் விழும். தரைக்கு வாட்டம் சரியாக இருந்தால் அது தானாகச் சாக்கடைக்குப் போய்விடும். வாட்டம் இல்லாவிட்டால் தேங்கிச் சேறாகும், ஆள் வழுக்கும், அந்தச் சேற்றுக்குப் பயந்து எல்லோரும் ஓரமாக நடக்க ஓரமும் சேறாகும். மலைப்பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் மனிதக் கால் என்று நினைக்கிறோம். கால் மண்ணைப் புழுதியாக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அதை வாரிக்கொண்டு போவது தண்ணீர்.

மலைச்சரிவில் நேர்மேலே ஏறும் பாதை மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். தண்ணீருக்கும் அதுதானே குறுக்குவழி. பாதை போடுபவர்கள் இதனால் சரிவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, வளைந்து வளைந்து ஏறுகிறார்கள். பாதையின் ஏற்றம் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது அவர்களுடைய பழைய விதி. சரிவு 40 சதவீதம் என்றால் பாதை 20க்குள். மொத்தப் பாதைக்கும் சராசரி 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மண் நிற்கும். பாதையின் பள்ளத்துப் பக்க விளிம்பை 5 சதவீதம் போல வெளிப்புறம் தாழ்த்தி விட்டால் மழைநீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து புல்லுக்குள் இறங்கிவிடும். கொத்தனார் மொழியில் சொன்னால், வாட்டம் வெளியே. இதைச் செய்ய முடியாத பழைய பாதைகளில் இடைவெளி விட்டுக் கல்லைச் சாய்வாகப் பதித்துத் தண்ணீரை ஓரம் தள்ளுவார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால் சேரும் வண்டலை மழைக்கு முன்னால் வெட்டி எடுக்காவிட்டால் அடுத்த மழையில் கல் இருந்தும் இல்லாததுபோல்தான்.

படிக்கட்டு போட்டால் தீராதா என்று கேட்பீர்கள். படி உயரம் அதிகமானால் முழங்கால் வலிக்காரர்கள் படியை விட்டு ஓரத்து மண்ணில் நடப்பார்கள். ஒரு வருடத்தில் படிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் உருவாகும், அதற்கப்புறம் படியே அந்தரத்தில் நிற்கும். கோயில் மலைகளில் நன்கொடையாளர் பெயர் பொறித்த படிகள் இப்படிப் பல்லிளித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் பெயர் வெட்டக் காசு தருபவர்கள் உண்டு, வண்டல் அள்ளக் காசு தருபவர்கள் இல்லை.

குறுக்குவழிகளை ஏன் முள் போட்டு அடைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. யாரும் மிதிக்காத தரையில் முதலில் நடக்கும் சிலர் செய்யும் சேதம்தான் அதிகம். ஏற்கெனவே இறுகிப்போன தடத்தில் இன்னும் நூறு பேர் நடந்தால் கூடுதல் சேதம் கொஞ்சம். கூட்டத்தைப் பரப்பிவிட்டால் காட்டுக்கு நல்லது என்பது கேட்க இதமான யோசனை, பெரும்பாலும் தவறான யோசனை.

மலைவழியில் போகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்று அடையாளம் காண்கிறார்கள். பரிசில் தேடிப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இருட்டில் போகாதீர்கள். தினைப்புனக் காவலர் கவண்கல் வீசுவார்கள், மறைந்து போங்கள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆபத்துகளை இடம்வாரியாகச் சொல்கிறது. அடிவாரத்தில் இன்று வைக்கும் எச்சரிக்கைப் பலகையில் "கவனமாகச் செல்லவும்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள் அந்த வரிசையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். எங்கே, எப்போது, என்ன செய்வது. மூன்றும் இல்லாத எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது.

அடுப்புக்கு வருவோம். கல்யாணச் சமையலில் கோட்டை அடுப்பு எரியும்போது ஆள் வெளியேற வழி இருக்க வேண்டும், எண்ணெய் டின் பக்கத்தில் இருக்கக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்த புல், மலைச்சரிவு. தீ மேல்நோக்கி ஏறும்போது சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் பொதுக்கணக்கு. சரிவில் மேலே நிற்பவரால் ஓடி ஜெயிக்க முடியாது. அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. எளிது, மிதம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் மூடியும் வைத்தார்கள். அடுப்பை அணைத்து வைப்பதும் சமையல் வேலைதான் என்று புரிந்துகொண்ட ஏற்பாடு இது.

கூடார இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடைக்கரையில் கூடாரம் அடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளித்தான் தங்குவதும் கழிப்பதும் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லும் அளவு. பாறை உச்சியில் இந்த அளவும் உதவாது. மண்ணே இல்லாத இடத்தில் மலம் மட்காது, மழை வந்தால் கீழே சுனைக்குத்தான் வரும். பௌர்ணமி இரவில் உச்சியில் தங்குகிற கூட்டத்திடம் இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. எச்சில் இலை கணக்கும் இப்படித்தான். மேலே போகும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலும் கீழே வர வேண்டும் என்றால் வேண்டுகோள் போதாது, காசு வேண்டும். நீலகிரியில் 2022இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. மலையடிவாரக் கேட்டில் ஒரு மேசையும் கொஞ்சம் ஸ்டிக்கரும் இருந்தால் இது நடக்கும்.

ஓர் இடத்தில் இந்த ஒப்புமை உடைகிறது. இலை கூடினால் மாஸ்டர் இன்னொரு உலை வைப்பார், பக்கத்து மண்டபத்தைக் கேட்பார். மலைக்கு இன்னொரு உலை கிடையாது. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெங்கல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் கார்த்திகை தீபம். வல்லுநர்கள் மண்ணைப் பார்த்துச் சொன்னதன் பேரில் பக்தர்களை மலையேற விடுவதில்லை என்று அரசு முடிவெடுத்தது. தீபக் கொப்பரையும் நெய்யும் சுமப்போர் போன்ற பணியாளர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் ஏற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில் பர்வதமலையிலிருந்து மழையில் இறங்கி வந்தவர்களில் இரண்டு பெண்கள் ஓடை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். இன்று பந்தி கிடையாது என்று சொல்லும் அதிகாரம் திருவண்ணாமலையில் மந்திரி மட்டத்தில் இருந்து வந்தது. பர்வதமலையில் ஒரு சாதாரண மழை நாளில் அதை யார் சொல்வது? காடு வனத்துறையுடையது, கோயில் அறநிலையத்துறையுடையது, கூட்டம் போலீஸுடையது, அடிவாரக் குப்பை ஊராட்சியுடையது, மீட்க வருவது தீயணைப்புத்துறை. ஐந்து பேரும் நல்ல சமையல்காரர்களே. மேலே மேகம் கருக்கும்போது கேட்டைச் சாத்தச் சொல்ல ஒரு வனக்காப்பாளர் யாருக்கு போன் செய்ய வேண்டும், அந்த எண் அவர் சட்டைப்பையில் இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்கலாம்.